சூரைச்செடியின் கீழ்

இன்று மத்தியானம் சாப்பிட்டீர்களா? நேற்று ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள்?

பெலவீன நேரத்தில் ஆண்டவரிடம் பெலன் பெறுவது எப்படி என்று சொல்ல வந்த அதிகாரம் சோற்றையும் தூக்கத்தையும் விசாரிக்கிறதே என்று தோன்றலாம். நோயாளியின் பக்கத்தில் மாதக்கணக்கில் உட்கார்ந்திருப்பவர்களுக்காக எழுதும் புத்தகம் இது. இந்த விஷயத்தை வேறெங்கிருந்தும் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. உடைந்துபோன ஒரு மனிதனைத் தூக்கி நிறுத்த ஆண்டவர் தொடங்கியதும் இங்கேதான்.

1 இராஜாக்கள் 18, 19 அதிகாரங்களைச் சேர்த்து வாசியுங்கள். எலியா கர்மேல் மலையில் பாகாலின் தீர்க்கதரிசிகள் 450 பேருக்கு எதிரே தனி ஆளாக நிற்கிறார். பலிபீடத்தின்மேல் நாலு குடம் தண்ணீரை மூன்று தடவை ஊற்றச் சொல்கிறார். அக்கினி இறங்குகிறது. பிறகு மழைக்காக மலையுச்சியில் முகத்தை முழங்கால்களுக்கு நடுவே வைத்துக் குனிகிறார். வேலைக்காரனை ஏழு தடவை கடலைப் பார்த்துவர அனுப்புகிறார். மழை வருகிறது. ராஜாவாகிய ஆகாபின் ரதத்துக்கு முன்னால் யெஸ்ரயேல் வரைக்கும் ஓடுகிறார். மறுநாள் இந்நேரத்துக்குள் உன் உயிரை எடுப்பேன் என்று ஆகாபின் மனைவி யேசபேல் ஆள் அனுப்புகிறாள். அந்த ஒரு செய்தியில் மனிதர் சரிந்துவிடுகிறார். நாட்டின் தென்கோடியிலுள்ள பெயெர்செபாவுக்கு ஓடி, வேலைக்காரனை அங்கே விட்டுவிட்டு, தனியாக ஒரு நாள் பயணம் வனாந்தரத்துக்குள் போய், ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்கிறார்.

அவ்வளவு பெரிய விசுவாச வீரர் ஒரு பெண்ணின் மிரட்டலுக்கு எப்படிப் பயந்தார் என்று பிரசங்கங்களில் கேட்பார்கள். வருஷக்கணக்கில் நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரி வார்டில் உட்கார்ந்து வாசித்த அன்றுதான் அதற்கு முன்னால் இருக்கும் ஒரு வசனம் கண்ணில் பட்டது. கர்மேல் மலையில் எல்லாம் முடிந்ததும் எலியா ஆகாபைப் பார்த்து, நீர் போய்ச் சாப்பிடும் என்கிறார். ஆகாப் சாப்பிடப் போகிறான். எலியா ஜெபிக்க மலையேறுகிறார். அவர் சாப்பிட்டதாக எங்கேயும் எழுதியில்லை.

உங்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இருக்காது. நோயாளிக்குக் கஞ்சி கொடுத்தாயிற்று, பார்க்க வந்த உறவினருக்குக் காபி வாங்கிக் கொடுத்தாயிற்று, வீட்டிலிருக்கும் பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று போனில் கேட்டாயிற்று. உங்கள் தட்டு மட்டும் கழுவிக் கவிழ்த்தது கவிழ்த்தபடியே இருக்கிறது.

சூரைச்செடியைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊர்க் காட்டிலுள்ள சூரைமுள் வேறு, இது வேறு. பாலஸ்தீனத்தின் தெற்கிலும் சீனாய் வனாந்தரத்திலும் மணல் ஓடைகளின் ஓரமாக வளரும் புதர் இது. ஈர்க்குச்சிகளைக் கட்டி நட்டது போல இருக்கும். இலை என்று சொல்லிக்கொள்ள அதிகம் கிடையாது. வெயிலுக்கு அதன் கீழே உட்கார்ந்தால் கோடுகோடாக விழும் நிழல்தான் மிஞ்சும். எலியாவுக்குக் கிடைத்த நிழல் அவ்வளவே. அங்கே அவர் படுத்துத் தூங்கிவிடுகிறார்.

இனி தேவதூதன் செய்வதை ஒவ்வொன்றாகப் பாருங்கள். தொடுகிறான். எழுந்து சாப்பிடு என்கிறான். தலைமாட்டில் நெருப்புத் தழலில் சுட்ட அடை இருக்கிறது, தண்ணீரும் இருக்கிறது. எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறார். தூதன் தடுக்கவில்லை. கர்மேலை ஞாபகப்படுத்தவில்லை, சாகக் கேட்டதற்காகக் கடிந்துகொள்ளவும் இல்லை. தூங்கவிட்டு, இரண்டாம் தடவை வந்து, மறுபடி தொட்டு, மறுபடி சாப்பிடச் சொல்கிறான். உனக்கு முன்னால் இருக்கிற வழி உன் பெலத்துக்கு மிஞ்சினது என்று அவன் சொல்வது இந்த இரண்டாம் தடவையில்தான். ஆண்டவர் எலியாவோடு பேசியது அதற்கு நாற்பது நாள் கழித்து, ஓரேப் மலையில்.

என் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தபோது வலது கையும் காலும் விழுந்துபோயின, பேச்சும் போய்விட்டது. மூக்கு வழியாகக் குழாய் போட்டிருந்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வடிகட்டிய கஞ்சியோ பாலோ 200 மில்லி ஊற்ற வேண்டும். படுக்கைப்புண் வராமலிருக்க அதே இரண்டு மணிக்கு ஒரு தடவை பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும். கட்டிலுக்குக் கீழே செய்தித்தாளை விரித்து, அதன்மேல் பாயைப் போட்டு நான் படுப்பேன். செல்போன் அலாரம் அடிப்பதற்கு முன்பே விழித்துவிடுவேன்.

பதினோராவது ராத்திரி முழங்காலில் நின்று, கர்த்தாவே என்று தொடங்கினேன். அடுத்த வார்த்தை வரவில்லை. அழுகையும் வரவில்லை. ஞாயிறு பள்ளியில் ஐந்து வயதில் மனப்பாடம் செய்த பரமண்டல ஜெபம்கூட பாதியில் அறுந்துபோனது. ஆண்டவர் என்னை விட்டு விலகிவிட்டார் என்றே நினைத்தேன்.

எதிர்க் கட்டிலில் மருமகளுக்குத் துணைக்கு இருந்த ஒரு பெரியம்மா எழுந்து வந்து என் தோளைத் தொட்டார். நெற்றி நிறையத் திருநீறு. அதுவரை நாங்கள் இரண்டு வார்த்தை பேசியதில்லை.

“ஏட்டி, நீ காலையிலயும் திங்கல, ராத்திரியும் திங்கல. நானும் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன். இந்தா, ரெண்டு இட்லி. தின்னுட்டுப் படு. ரெண்டு மணிக்கு அம்மைய நான் திருப்பிப் போடுதேன்.”

வாழையிலையில் மடித்த இட்லி. மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் ஊறி அடிப்பக்கம் சிவந்திருந்தது. நின்றுகொண்டே தின்றேன். விழித்தபோது மணி ஐந்து. அம்மா சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்திருந்தார். முதுகுக்கு அண்டையாக அந்தப் பெரியம்மாவின் மாற்றுச் சேலையைச் சுருட்டி வைத்திருந்தது. எதுவும் சரியாகிவிடவில்லை, அம்மாவின் கை அப்படியேதான் கிடந்தது. ஆனால் அன்று விடியற்காலையில் ஜெபம் வந்தது.

திருநீறு பூசிய கையிலிருந்து ஆண்டவரின் உதவியா என்று சபையில் ஒரு சகோதரி என்னிடம் கேட்டார். எலியாவுக்குச் சோறு போட்டவர்களைப் பாருங்கள் என்று சொன்னேன். கேரீத் ஆற்றண்டையில் காகங்கள் அப்பமும் இறைச்சியும் கொண்டுவந்தன. காகம் மோசேயின் பிரமாணப்படி அசுத்தமான பறவை. அடுத்து சாறிபாத்தில் ஒரு விதவை தன் கடைசிப் பிடி மாவில் அடை சுட்டுக் கொடுத்தாள். அவள் சீதோன் நாட்டுக்காரி. எலியாவைக் கொல்லத் தேடிய யேசபேல் பிறந்த நாடும் அதுவே. எந்தக் கை நீட்டினாலும் வாங்கிக்கொள்ளுங்கள். இப்போது மறுப்பதற்கான நேரம் இல்லை.

உபவாசம் பற்றி

நோயாளியைக் கவனிக்கும் நாட்களில் நீங்கள் உபவாசம் இருக்க வேண்டாம். இதை நான் உறுதியாகவே சொல்கிறேன். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவராக இருந்தால் கட்டாயம் வேண்டாம். மகனுக்கு ஆபரேஷன் என்று மூன்று நாள் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்த தாயையும் ஆபரேஷன் நடந்த அன்று பக்கத்து வார்டில் சேர்த்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். உங்களுக்காக உபவாசிக்க மனமுள்ளவர்கள் சபையில் இருப்பார்கள். அந்தப் பொறுப்பை அவர்களிடம் கொடுங்கள். உங்களுக்கு இப்போது தரப்பட்டிருக்கும் கட்டளை, எழுந்து சாப்பிடு என்பது. முடிந்தால் உட்கார்ந்து சாப்பிடுங்கள். சாப்பிடும் அந்தப் பத்து நிமிஷம் போனை எடுக்காதீர்கள்.

வார்த்தை வராதபோது

ஓரேப் மலையில் ஆண்டவர் எலியாவிடம் ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்கிறார்: இங்கே உனக்கு என்ன வேலை? எலியா இரண்டு தடவையும் ஒரே பதிலைச் சொல்கிறார், ஏறக்குறைய வார்த்தைக்கு வார்த்தை. நடுவில் காற்று வந்தது, பூமி அதிர்ந்தது, நெருப்பு வந்தது, அதற்குப் பின் அந்த மெல்லிய சத்தமும் வந்தது. அவர் மனக்குறை அப்படியே இருந்தது. ஆண்டவர் அதை இரண்டு தடவையும் முழுக்கக் கேட்டார்.

ஆகவே நேற்றுச் சொன்னதையே இன்றும் ஜெபத்தில் சொல்ல நேர்ந்தால் கூச்சப்படாதீர்கள். அலங்காரமான ஜெபம் தேவையில்லை. அதற்கு இப்போது உங்களிடம் மூச்சும் இருக்காது. அம்மாவைப் பக்கம் மாற்றிப் படுக்கவைக்கும் ஒவ்வொரு தடவையும் நான், அப்பா, இந்த உடம்பைப் பிடியும் என்று ஒரு வரி மட்டும் சொல்வேன். கைக்குச் செய்ய ஒரு வேலை இருந்ததால் அந்த வரி வந்தது. ஒரு நாளில் பன்னிரண்டு தடவை. எத்தனையோ வருஷம் அரை மணி நேரம் முழங்காலில் நின்று செய்த ஜெபங்களைவிட அந்தப் பன்னிரண்டு வரிகள் எனக்கு நெருக்கமாக இருக்கின்றன.

அந்த ஒரு வரியும் வராத நாளில் சங்கீதப் புத்தகத்தைத் திறந்து உதடு அசைய வாசியுங்கள். 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல். அவற்றில் பெரும்பாலானவை அழுகையில் தொடங்கி ஸ்தோத்திரத்தில் முடியும். 88-ஆம் சங்கீதம் அப்படி முடிவதில்லை. தொடங்கிய இருட்டிலேயே முடிந்துவிடும். கடைசியில் ஒரு நம்பிக்கை வரியைச் சேர்க்காமல் அதை அப்படியே வேதாகமத்தில் விட்டுவைத்திருப்பதற்காக நான் ஆண்டவருக்கு எத்தனையோ ராத்திரி நன்றி சொல்லியிருக்கிறேன். துதிக்கப் பெலன் இல்லாதவனுடைய சத்தமும் அவருடைய ஆலயத்தில் பாடப்பட்டிருக்கிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எலியாவைப் போலச் சாக வேண்டும் என்ற நினைப்பு வந்து, அது ஓரிரு நாளில் போகாமல் உங்களோடேயே தங்கிவிட்டால், அதை ஜெபத்தோடு மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். வார்டு டாக்டரிடமோ நர்ஸிடமோ வாயைத் திறந்து சொல்லுங்கள். மனநல ஆலோசனைக்கு மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. தமிழ்நாட்டில் 104-க்கும் கூப்பிடலாம். இரண்டும் இலவசம், தமிழிலேயே பேசலாம். எலியாவை ஒரு கை வந்து தொட்டது போல, உங்களையும் ஒரு மனிதக் குரல் வந்து தொட வேண்டும்.

“விசுவாசம் போதவில்லை” என்பவர்கள்

பார்க்க வருகிறவர்களில் ஒருவராவது இதைச் சொல்வார். நல்லெண்ணத்தோடுதான் சொல்வார். உங்களுக்குள்ளே ஏதோ தடை இருக்கிறது, அறிக்கை செய்யுங்கள், முழுசாக விசுவாசியுங்கள், எழுந்து நடப்பார். இதைக் கேட்டுவிட்டு ராத்திரி முழுவதும் தன் பாவங்களை எண்ணிக்கொண்டிருந்த ஒரு மகளை எனக்குத் தெரியும். அவளுடைய அப்பாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் செயலிழந்திருந்தன. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். அவ்வளவு பாரத்தைச் சுமக்கிறவள் தலையில் இன்னொரு கல்லை வைப்பது ஊழியம் ஆகாது.

பவுலுக்கு உடலில் ஒரு முள் இருந்தது. அதை எடுத்துவிடும்படி மூன்று தடவை வேண்டிக்கொண்டதாக 2 கொரிந்தியர் 12-இல் அவரே எழுதுகிறார். முள் எடுக்கப்படவில்லை, கிருபை போதும் என்ற பதில் கிடைத்தது. பவுலுக்கு விசுவாசம் போதவில்லை என்று யாரும் பிரசங்கிப்பதில்லை.

அதைவிட நெருக்கமாக எனக்கு இருப்பது கெத்செமனே. லூக்கா 22-இல் இயேசு ஜெபிக்கும்போது வானத்திலிருந்து ஒரு தூதன் வந்து அவரைப் பலப்படுத்துகிறான். அடுத்த வசனத்தில்தான் அவர் மிகவும் வியாகுலப்படுகிறார், அவருடைய வேர்வை இரத்தத்தின் பெருந்துளிகளாகத் தரையில் விழுகிறது. வரிசையைக் கவனியுங்கள். பெலன் முதலில் வந்தது, வேர்வை அதற்குப் பின் வந்தது. பெலன் வந்ததும் வேதனை நின்றுவிடவில்லை. வேதனையில் எழுந்தோடாமல் நிற்பதற்கே அந்தப் பெலன் கொடுக்கப்பட்டது. நீங்கள் நடுங்கும் கையோடு இன்றும் அந்தக் குழாயில் கஞ்சி ஊற்றினீர்கள் என்றால், பெலன் வரவில்லை என்று யார் சொல்ல முடியும்?

நம் பக்கத்திலேயே ஒரு வாழ்க்கை இருக்கிறது. திருநெல்வேலிச் சீமையில் டோனாவூரில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், 1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்க்கப் போன இடத்தில், மங்கிய வெளிச்சத்தில், புதிதாக வெட்டியிருந்த குழிக்குள் விழுந்தார். கால் எலும்பு முறிந்தது. சில வாரங்களில் எழுந்துவிடுவார் என்று நினைத்தார்கள். 1951 ஜனவரியில் இறக்கும் வரை, ஏறக்குறைய இருபது வருஷம், பெரும்பாலும் தம் அறையிலேயே இருந்தார். ஜெபிக்கத் தெரியாதவரா? அவருக்காக ஜெபிக்க ஆள் இல்லாதவரா? நோயாளிகளுக்கு ஆறுதலாகச் சுகமாயிருப்பவர்கள் எழுதி அனுப்பும் துண்டுப்பிரதிகள் மனதில் ஒட்டவில்லை என்று அவர் உணர்ந்தார். அதனால் நோயுற்றவர் நோயுற்றவர்களுக்கு எழுதும் கடிதங்களாக ‘ரோஸ் ஃப்ரம் பிரையர்’ என்ற நூலை எழுதினார். 1933-இல் அது வெளிவந்தது. படுக்கையில் இருப்பவர் காதுக்கு எந்த வார்த்தை பொறுக்கும், எது பொறுக்காது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

விசுவாசம் போதவில்லை என்று சொல்லிக்கொண்டு வருகிறவரோடு வாதம் செய்யாதீர்கள். உங்களுக்கு அதற்குச் சக்தி கிடையாது. “அண்ணாச்சி, ஒரு சங்கீதம் வாசிச்சு ஜெபம் பண்ணிட்டுப் போங்க. அம்மாவுக்கு மருந்து நேரமாயிட்டு” என்று சொல்லி எழுந்துவிடுங்கள். அது மரியாதைக் குறைவாகாது.

ஒரு ஓமர்

வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு மன்னா ஆளுக்கு ஒரு ஓமர் அளவு, ஒரு நாளைக்கு. நாளைக்கு இருக்கட்டும் என்று மிச்சம் வைத்தவர்களுடையது புழுத்து நாறிப்போனது. ஓய்வுநாளுக்கு முந்தின நாளில் மட்டும் இரண்டு ஓமர். ஆறு மாதம் இதை எப்படிச் சமாளிப்பேன் என்று கேட்டால் அதற்கு இன்று பெலன் கிடைக்காது, ஏனென்றால் அந்த ஆறு மாதம் இன்னும் வரவில்லை. ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரைக்கும் மட்டும் கேளுங்கள். சில ராத்திரிகளில் நான் அடுத்த இரண்டு மணி நேரத்துக்கு மட்டுமே கேட்டிருக்கிறேன்.

பணத்துக்கு இது பொருந்தாது. ஆஸ்பத்திரிச் செலவையும் காப்பீட்டையும் முன்கூட்டியே யோசித்துத்தான் ஆக வேண்டும். அதை அடுத்த அதிகாரத்தில் விரிவாகப் பார்ப்போம்.

கல்லும் இரண்டு ஆட்களும்

எலியா வேலைக்காரனைப் பெயெர்செபாவில் விட்டுவிட்டுத் தனியாகப் போனார். நான் ஒருவனே மீந்திருக்கிறேன் என்று இரண்டு தடவை சொன்னவரிடம், ஏழாயிரம் பேர் மீதி இருக்கிறார்கள் என்றார் ஆண்டவர். உடனே கையில் ஓர் ஆளையும் கொடுத்தார். அந்த எலிசாவைப் பிற்பாடு இஸ்ரவேல் ராஜாவின் ஊழியக்காரன் ஒருவன் அடையாளம் சொன்னது, எலியாவின் கைகளுக்குத் தண்ணீர் வார்த்தவன் என்று.

யாத்திராகமம் 17-இல் மோசே கைகளை ஏறெடுத்திருக்கும் வரை இஸ்ரவேல் யுத்தத்தில் மேற்கொண்டது. கை அசந்துபோனது. ஆரோனும் ஊர் என்பவரும் அவர் கைகளை ஆளுக்கொரு பக்கம் தாங்கிக்கொண்டார்கள் என்பது நமக்குத் தெரியும். அதற்கு முன்னால் அவர்கள் செய்ததை நாம் வாசித்துத் தாண்டிவிடுகிறோம்: ஒரு கல்லைக் கொண்டுவந்து அவரை உட்காரவைத்தார்கள்.

நமக்கு உதவி கேட்க வராது. ஏதாவது உதவி வேணும்னா சொல்லுங்கக்கா என்று வருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம், ஜெபம் பண்ணிக்கோங்க என்று நாமும் அனுப்பிவிடுவோம். அவர்கள் கல்லைத் தேடிக்கொண்டுதான் நிற்கிறார்கள், எங்கே போடுவது என்று தெரியவில்லை.

ஒரு வெள்ளைத்தாள் எடுங்கள். கிழமைகளை இடது பக்கம் எழுதுங்கள். பக்கத்தில் வேலையை நேரத்தோடு எழுதுங்கள்: திங்கள் மத்தியானம் 12 முதல் 2 வரை கட்டில் பக்கத்தில் இருக்க ஒரு ஆள், நான் குளித்துச் சாப்பிட்டு வர. செவ்வாய் ராத்திரி 10 முதல் 4 வரை ஒரு ஆள், நான் தூங்க. புதன் காலை வெந்நீர் பிளாஸ்க்கும் வடிகட்டிய கஞ்சியும். வெள்ளி சாயங்காலம் வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர. ‘ஜெபம்’ என்றும் ஒரு வரி எழுதி நேரம் போடுங்கள். உங்களுக்கு வார்த்தை வராத நேரம் எது என்று உங்களுக்குத்தான் தெரியும். எனக்கு அது அதிகாலை மூன்று மணி. எங்கள் சபையில் ஒரு தாத்தா அந்த மூன்று மணியை எடுத்துக்கொண்டார். வயதாகிவிட்டது, எப்படியும் அந்நேரத்துக்கு முழிப்பு வந்துவிடும் என்றார்.

எல்லா இடத்தையும் நீங்களே யோசித்து யார் பெயரையும் போட்டுவிடாதீர்கள். காலியாகவே விடுங்கள். அடுத்து பார்க்க வருகிறவர் ஏதாவது உதவி வேணுமா என்று கேட்டதும் அந்தத் தாளை அவர் கையில் கொடுங்கள், பேனாவோடு.